நாய்க்கு ஒரு பொட்டலம்

வாலிபம் திரும்பிய வயசாளி என்றொரு ஜாதி இலங்கையில் நம் ஊவா மலைப் பக்கத்தில் பெருகிவருகிறது. ரயில் பதுளை வரைக்கும் வந்த பிறகு இன்னும் அதிகம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். போன மாதம் வரை ஊன்றிய கைத்தடியை மூலையில் சாத்திவிட்டு, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மீசைக்குப் பூசி, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, தன்னைவிட நாலு வயது இளையவரைப் பார்த்து, "என்ன பெரியவரே, சௌக்கியமா?" என்று கேட்கிறவர். வயது கேட்டால் நாற்பத்தொன்பது. போன வருஷமும் நாற்பத்தொன்பதுதான். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் என்ன செய்வார்? தேயிலைச் செடியைக் குனிந்து ஆராய்வார். பூச்சி பார்க்கிறாராம்.

அடையாளமெல்லாம் எங்கே கற்றேன் என்று கேட்காதீர்கள். என் வீட்டுக் கண்ணாடியில்தான்.

தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. நிஜ வயது ஐம்பத்தெட்டு. புதிதாக வந்த துரை ஓர் உத்தரவு போட்டார்: இரண்டு மாதம் கழித்து வரும் முதல் திங்கட்கிழமை, நாற்பத்தைந்து தாண்டிய உத்தியோகஸ்தர் ஒவ்வொருவரையும் தாமே பதினாறாம் நம்பர் மலை உச்சிக்கு நடத்திப்போவார், நடுவில் உட்கார்ந்தவனுக்குப் பற்றுச்சீட்டு. அந்தச் சீட்டு கைக்கு வந்தால் வேலை போகும், வேலையோடு குடியிருக்கும் வீடும் போகும், முப்பது வருஷமாகப் பார்க்காத திருச்சிப் பக்கத்துக்கு என் மனைவி கனகத்தையும் கூட்டிக்கொண்டு கப்பலேற வேண்டும். அங்கே எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? என் பொய் வயதுகூட என்னைக் காப்பாற்றவில்லை. பயம் பிடித்துக்கொண்டது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஜெயராசாவிடம் போனேன். "வெளிநாட்டுல கெடா விதையக் குடுத்துக் கெழவங்களக் குமரனாக்குறாங்களாம்" என்றார். "ஆனா ஒண்ணுங்க. மூளைக்குக் கீழ மொச்சக்கொட்ட அளவுல ஒரு சுரப்பி இருக்கு. அதுதான் பெரிய கங்காணி. அது பெரட்டுக்குன்னு காலையில ஆளக் கூப்பிட்டாத்தான் கீழ உள்ளது வேலைக்கு எறங்கும். வெளிய இருந்து சரக்கு வந்துக்கிட்டே இருந்தா, கங்காணி கம்பளியப் போத்திக்கிட்டுப் படுத்துருவாரு. அப்புறம் எழுப்புறது சங்கடம்னு எனக்குத் தோணுது."

படுத்தால் படுக்கட்டும், நான் மலையில் உட்காராமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்களோ மூன்று தலைமுறைச் சைவம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் பதுளைக்குப் போய், கடைத்தெருவில் அலவி நானாவின் இறைச்சிக் கடை முன்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். "கெடா விதை இருக்குங்களா? நாய்க்கு" என்றேன். எனக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, அவரும் நாய்க்குத்தான். அவருக்கு முன்னால் ஒரு பெஞ்சன்கார வாத்தியார், அதே நாய். எல்லாருக்கும் முந்தி, எங்கள் துரை பங்களாச் சமையல்காரன் பெரிய பொட்டலமாக வாங்கிக்கொண்டு போனான். அதிர்ஷ்டக்கார நாய்!

உலர்த்திப் பொடித்துத் தேனில் குழைத்து, கனகம் அந்தப் பக்கம் திரும்பும்போது விழுங்கினேன். ஒரே வாரத்தில் படிகளை இரண்டிரண்டாகத் தாவினேன். பாட்டு வந்தது. ஆறு வாரம் மலையெல்லாம் ஓடித் திரிந்தேன். "யாரைங்க ஏமாத்துறீங்க?" என்றாள் கனகம். பொறாமை என்று முடிவுகட்டினேன்.

பரீட்சைக்கு முதல் நாள் கடையில் கூட்டமில்லை. நன்றி சொல்லத் தோன்றியது. "நானா, ஒங்க சரக்கு அருமைங்க. நாய் துள்ளுது."

அலவி நானா கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சரக்கா? இங்க வார கெடாயெல்லாம் காயடிச்சதுதானே. அதுட்ட எங்கால விதை ஈக்கும்? நான் தந்தது குண்டிக்காய். எல்லாரும் நாய்க்கின்டுதானே கேட்டீங்க, நாய் எதத் தந்தாலும் தின்னும்தானே."

நான் தின்றது வெறும் சிறுநீரகம், எனக்குள் பெரிய கங்காணி படுக்கவேயில்லை. ஆறு வாரமும் உறங்கியது என் புத்திதான்.

திங்கட்கிழமை மலையேறினோம், துரையும் நானும் மட்டும். ஒவ்வொரு அடியிலும் ஐம்பத்தெட்டு வயதும் முழங்காலில் ஏறி உட்கார்ந்தது. பாதி வழியில் இனி முடியாது, கப்பல்தான் என்று கண் இருட்டிய நேரம், முன்னால் போன துரை ஒரு கல்லில் தொப்பென்று உட்கார்ந்தார். அவருடைய மீசையிலிருந்து வேர்வையோடு கறுப்பாக ஏதோ வழிந்தது. நல்லவேளையாக ஒரு தேயிலைச் செடி பக்கத்தில் இருந்தது. நான் பூச்சி பார்த்தேன்.

பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே. "நாயக் கூட்டிட்டு வரலீங்களா, தொரை?" என்றேன்.

"நாய் இல்லே" என்றார் துரை. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்கப்பிள்ளே, உனக்கு எத்தனை வாரத்துலே குணம் தெரிஞ்சது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீடு கண்முன் வந்தது. "ஒரே வாரங்க. விடாமச் சாப்பிடணும்" என்றேன். பற்றுச்சீட்டுப் பேச்சு அந்தக் கல்லோடு முடிந்தது. துரை இன்னும் விடாமல் சாப்பிடுகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் நாய் இருக்கிறதென்று கடைத்தெருவில் சொன்னார்கள். அதைக் கொஞ்சம் குரைக்கச் சொல்லுங்கள், கேட்போம்.