'பட்டன்' பத்திரிகையின் ஆசிரியர்

வீடியோ கேம் ஆடத் தெரியாமல் வீடியோ கேம் பத்திரிகை நடத்திய ஒரே மனிதர், இந்த உலகத்திலேயே எங்கள் கடலாடியில்தான் இருந்தார். எல்லோரும் கேம் கடை வைத்துவிட்டு விளம்பரத்துக்காகப் பத்திரிகை போடுவார்கள். இவர், பத்திரிகை போட வேண்டுமே என்பதற்காகக் கேம் கடை வைத்தவர். பார்த்த எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவதால் ஊரில் அவருக்கு 'மார்க்கு' என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த சமயம். நான் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். மார்க்கு அண்ணனின் கடையில் நான்கு டிவிப் பெட்டிகள், நான்கு ஜாய்ஸ்டிக்குகள். அவர் ஆட உட்கார்ந்தால் அவருடைய கார் முதல் திருப்பத்திலேயே சுவரில் மோதி நிற்கும்.

"கார் நல்லாத்தேன் போச்சு, ரோடு சரியில்ல" என்பார்.

கப்பலில் வேலை பார்த்த அவருடைய மாமா ஒரு தடவை கண்ணாடி டம்ளர்கள் கொண்டுவந்தார். டம்ளர் உடையாமலிருக்க இடையிடையே பழைய ஆங்கில வீடியோ கேம் பத்திரிகைகளைத் திணித்திருந்தார்கள். டம்ளர்கள் ஒரே வருடத்தில் உடைந்துபோயின. பத்திரிகைகளை மார்க்கு அண்ணன் அகராதியை வைத்துக்கொண்டு பத்து வருடம் படித்தார். அவற்றில் விளையாட்டைப் பற்றி இருந்தது கால்வாசிதானாம். மீதியெல்லாம் கேலி. படத்துக்குக் கீழே குசும்பாக ஒரு வரி. ஆசிரியரை உதவி ஆசிரியர் வாருவார். கடிதம் போட்ட வாசகரை எல்லோரும் சேர்ந்து வாருவார்கள்.

"திட்டு வாங்குறதுக்குன்னே ஒருத்தன் மாசாமாசம் எழுதுறான்த்தா! எம்புட்டுப் பிரியமிருந்தா எழுதுவான்!" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

அந்த ஆசையில் பிறந்ததுதான் 'பட்டன்' மாத இதழ். நான்கு பக்கம், அதில் ஒன்று வாசகர் கடிதம்; நாற்பது பிரதி. அவர் கையால் எழுதிக்கொண்டு வருவார், நான் டைப் அடிப்பேன். கயிற்றில் ஒற்றைக் கையால் தொங்கும் பட்டாளத்து வீரனின் படத்தை ஒட்டி, அடியில் 'சிக்கல் ஊருக்குப் போகும் பஸ்சில் இடம் கிடைத்தவர்' என்று போட்டிருப்பார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்ததில் எனக்கு எழுத்துப்பிழை வராத மாதமில்லை. அதற்கும் அடுத்த இதழில் என்னை வாரியிருப்பார்.

ஓர் ஏப்ரல் மாதம் விபரீதமாக ஒன்று எழுதினார். 'ரகசியம்: கார் ரேசில் ஜாய்ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்து, பட்டனை நூற்றெட்டு தடவை அழுத்தினால் உத்தரகோசமங்கைக்குக் குறுக்குப்பாதை திறக்கும்.'

மறுநாள் காலையிலிருந்தே கடையில் கூட்டம் தாங்கவில்லை. டக்டக்கென்று பட்டன் அழுத்தும் சத்தம் எங்கள் கடைவரை கேட்டது.

"ஏலே, ஏப்ரல் ஒண்ணாந்தேதின்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கேனேடா!" என்று கத்தினார்.

"நூத்தியேழு வரைக்கும் எண்ணிட்டேண்ணே. பட்டன் உள்ள போயிருச்சு. வேற ஜாய்ஸ்டிக் குடுங்க" என்றான் ஒருத்தன்.

இரண்டு நாளில் நான்கு ஜாய்ஸ்டிக்கும் காலி. மூன்று வாரம் கடையைப் பூட்டிப் போட்டிருந்தார். அடுத்த இதழ் மட்டும் தேதி தவறாமல் வந்தது.

விமரிசிக்கப் புது கேம் இல்லாதபோது ஊரில் நடப்பதை விமரிசிப்பார். அப்படித்தான் தோப்புக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் கை வைத்தார். தோப்புக்காரர் என்றால் பெரிய விவசாயி, பெரிய மீசை. அவர் தும்மினால்கூடத் தெருவில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். 'கிராபிக்ஸ் 90: இலை நல்ல பச்சை. சவுண்ட் 95: சம்பந்திகள் சண்டை. ஆட்டம் 35: ரசம் லெவல் வருவதற்குள் எதிரிகள் இலையை எடுத்துவிடுகிறார்கள். பாயாசம் என்னும் கடைசி லெவலை எட்டியவர் எவருமில்லை.'

கடைசிப் பக்கத்தின் அடியில் டைப் அடித்தது யார், எந்தக் கடை என்று போட்டிருந்ததால், தோப்புக்காரர் இரண்டு ஆட்களோடு நேராக எங்கள் கடைக்கு வந்துவிட்டார்.

"இத அடிச்சது நீதானாத்தா?"

"அடிச்சது நான்தான்யா. எழுதுனது பக்கத்துக் கடைக்காரவுக." எங்கள் முதலாளி மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இன்றோடு வேலை போனது என்றே நினைத்தேன்.

தோப்புக்காரர் பக்கத்துக் கடைக்குள் நுழைய, நானும் பின்னாலேயே ஓடினேன். மார்க்கு அண்ணனோ எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"வாசகர் கடிதம் எழுதுங்கய்யா. எழுத்து மாறாம அப்படியே போடுறேன்."

"என்ன வேணாலும் எழுதலாமா?"

"வையலாம்யா. வஞ்சாத்தேன் நல்லாருக்கும்."

தோப்புக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கூட வந்த ஆட்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எழுதினார். இரண்டு தடவை கிழித்துப் போட்டு மறுபடி எழுதினார்.

'ஆசிரியருக்கு, உன்னை நேரில் பார்த்தேன். கிராபிக்ஸ் மோசம். என் வீட்டுப் பந்தியில் நீ மூன்று தடவை உட்கார்ந்ததை என் சமையல்காரர் பார்த்திருக்கிறார். பாயாசம் ஏன் தீர்ந்தது என்று அவரைக் கேள், விளக்கமாகச் சொல்வார்.'

படித்த மார்க்கு அண்ணன் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தோப்புக்காரரின் மீசையும் மெல்ல ஆடியது. அவர் போனபிறகு தாளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்த அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"என்னண்ணே, பயந்துட்டீகளா?"

"இல்லத்தா. ஒன்றரை வருசமா எல்லாக் கடுதாசியும் நானேதான் எழுதிக்கிட்டுக் கெடந்தேன். இன்னைக்குத்தான் நெசமா ஒரு ஆளு எழுதியிருக்காக."

அதன்பிறகு தோப்புக்காரர் மாதம் தவறாமல் எழுதினார். மாதம் தவறாமல் திட்டும் வாங்கினார். அவர் கடிதத்துக்காகவே 'பட்டன்' எழுபது பிரதி போனது.

நான்கைந்து வருடம் கழித்து வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது. கேம் கடைக்கு ஆள் குறைந்தது. தோப்புக்காரரும் மகளோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார். கடையை மூடிவிட்டு ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலைக்குப் போக அண்ணன் முடிவு செய்தார். கடைசி இதழைக் கொண்டுவந்தபோது கடிதப் பக்கம் மட்டும் வெற்றாக இருந்தது.

"ஒண்ணும் வரலத்தா. பழையபடி நானே எழுதிரட்டா?"

"வேணாம்ணே. நான் எழுதுறேன்."

அதுவரை அடுத்தவர் எழுதியதை மட்டுமே அடித்த கை. பத்து வரி அவரை ஆசை தீர வைது எழுதினேன். படித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார்.

"பதில் எழுதுங்கண்ணே."

"வரல. நல்லா எழுதியிருக்கத்தா. இனிமே நீ அடிக்கிறத விட்டுட்டு எழுது."

பதிலில்லாமலே அந்தக் கடிதம் அச்சானது.

இப்போது நான் ஒரு பத்திரிகைக்கு வாராவாரம் எழுதுகிறேன். எழுதி முடித்ததும், எங்கோ ஒரு லாட்ஜ் வரவேற்பறையில் உட்கார்ந்து இதை அவர் படித்தால் சிரிப்பாரா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.