பதினாறாம் நூற்றாண்டுக் கரி

உலக நாகரிகத்துக்குச் சிவகாசி செய்த தொண்டு என்றால் தீப்பெட்டியையும் பட்டாசையும் சொல்லிவிட்டு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். இது வரலாற்றுத் துரோகம். ஐரோப்பாவின் வீர புருஷர்கள் எதை மாட்டிக்கொண்டு போருக்குப் போனார்கள், யாரை எதனால் வெட்டினார்கள் என்பதையெல்லாம் ஐயம் திரிபற நிறுவிய இடம் விருதுநகர் சாலையில் இருந்த எங்கள் பட்டாசுக் கம்பெனிதான். ஐரோப்பாக்காரர்கள் வந்து கேட்டுக்கொள்ளவில்லை. அது அவர்கள் துரதிர்ஷ்டம்.

எங்கள் முதலாளி லட்சுமிகாந்தம் அவர்கள் நிறுவிய 'ஐரோப்பியப் புராதன ஆயுத ஆராய்ச்சிக் குழு'வின் கௌரவச் செயலாளராக இருக்கும் பாக்கியம் காளிராஜ் ஆகிய எனக்குக் கிட்டியது. மற்ற நேரங்களில் நான் கம்பெனியின் கணக்குப்பிள்ளை. 'கௌரவ' என்ற சொல் எங்கெல்லாம் முன்னால் நிற்கிறதோ அங்கெல்லாம் சம்பளம் பின்னால் நிற்காது என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷக் கோடையில் எல்லாம் ஆரம்பித்தது. கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் புறப்பட்டார். பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. சாப்பாட்டு மேசை வாங்கப் போன முதலாளி, ஓர் இரும்பு மார்புக் கவசத்தோடு காரில் வந்து இறங்கினார்.

"மேசை வாங்கப் போனீகளே, இது என்னது?" என்று முதலாளியம்மா வீரலட்சுமி கேட்டார்.

"இதுவும் வயித்தை ஒட்டுன சாமான்தான்" என்றார் முதலாளி.

அன்று முதல் அவர் கண்ணுக்கு இரும்பெல்லாம் வீரமாகத் தெரிந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு புரோக்கர் மாதம் தவறாமல் வந்தார். ஊசி மாதிரி நீண்ட வாள், கோடரியும் ஈட்டியும் ஒட்டிப் பிறந்த ஒரு தடி, கூஜா மாதிரி தலைக்கவசம், விரலெல்லாம் மடங்கும் இரும்புக் கையுறை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எல்லாமே ஏதாவது ஒரு மன்னருடையவை. சிப்பாய்களின் சாமான் ஒன்றுகூட வரவில்லை. ஐரோப்பாவில் மன்னர்களே மன்னர்களோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டார்கள் என்ற எங்கள் குழுவின் முதல் கண்டுபிடிப்பு இதிலிருந்துதான் பிறந்தது.

குழுவின் நிபுணர், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் தனுஷ்கோடி. சாத்தூரைத் தாண்டித் தெற்கே போகாதவர். ஆனாலும் ஐரோப்பாவின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு மனப்பாடம். அடையாளம் காண்பதற்கு அவர் வகுத்த முறை விஞ்ஞானபூர்வமானது. சாமானில் துருப்பிடித்திருந்தால் அது பழையது. துருப்பிடிக்காமல் பளபளத்தால் மிகவும் பழையது, ஆனால் அரண்மனையில் நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள். இரும்பில் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால் ஸ்பெயின். 'ஐ' இருந்தால் இத்தாலி. எழுத்தே இல்லாவிட்டால் விளம்பரம் விரும்பாத மன்னர்.

ஒரு தரம் 'எஸ்.ஐ.ஆர்.' என்று பொறித்த கனத்த சம்மட்டி ஒன்று வந்தது. ஸ்பெயின், இத்தாலி, ரோமாபுரி மூன்றும் கூட்டணி சேர்ந்து நடத்திய ஒரு மாபெரும் யுத்தத்தை வாத்தியார் அதிலிருந்து கண்டுபிடித்தார். விருதுநகர் ஸ்டேஷனில் தண்டவாள வேலை பார்த்த என் மச்சினன் அந்தச் சம்மட்டியைப் பார்த்ததும், "மாமா, இது நம்ம பழைய ரயில்வே..." என்று ஆரம்பித்தான். ஆராய்ச்சிக்கு அதிர்ச்சி ஆகாது என்பதால் அவனைக் காப்பி குடிக்க அழைத்துப் போய்விட்டேன்.

ஆனைக்குட்டம் கண்ணுச்சாமி நாலு காணி வைத்துப் பயிர் செய்பவர். அவர் ஒரு நாள் கமலையில் தண்ணீர் இறைக்கும் ஓட்டை இரும்புக் கூனையை வண்டியில் போட்டுக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போனார். முதலாளி ஓடிப்போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்.

"கண்ணுச்சாமி, இத எங்க கொண்டு போறீக?"

"ஓட்டையாப் போச்சுங்க. பேரீச்சம்பழத்துக்குப் போடப் போறேன்."

வாத்தியார் கூனையைத் தட்டினார், முகர்ந்தார், தலையில் கவிழ்த்துப் பார்த்தார். தோள் வரைக்கும் மறைந்துபோன அவருடைய குரல் உள்ளிருந்து வந்தது: "ஜெர்மானியக் கவசம்! அசுரத் தலை!"

கண்ணுச்சாமி காதில் பாதிதான் விழுந்தது. "ராசா தலையா? அப்பப் பேரீச்சம்பழம் கூடப் போட்டுக் குடுங்க" என்றார். மறுவாரமே ஆனைக்குட்டத்தில் பிய்ந்து கிடந்த கூனைகள் எல்லாம் எங்களைத் தேடி வந்தன. ஜெர்மனியில் அசுரத் தலையர்களின் வம்சமே இருந்தது உறுதிப்பட்டது.

இத்தனை பொக்கிஷத்தையும் மழையிலும் வெயிலிலும் போட முடியுமா? கம்பெனியில் காங்கிரீட் கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பட்டாசுக்கு மருந்து அடைக்கும் இடம். அரசாங்கம் வற்புறுத்திக் கட்டச் சொன்னது. இரண்டு பக்கமும் அகலமான கதவுகள், தொங்கவிட்ட மணல் வாளிகள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. தீப்பிடித்தால் ஆயுதங்களைப் பத்திரமாக வெளியேற்ற இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. கட்டடத்துக்கு 'ஆயுத மாளிகை' என்று பெயர் சூட்டினோம். மருந்து அடைக்கும் பெண்கள் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகைக்கு மாற்றப்பட்டார்கள். அதற்கு ஒரே வாசல். காற்றோட்டம் அபாரம்.

அங்கே லோடு சுமக்கும் சங்கிலிமுத்து என்னிடம் வந்தான். "கணக்குப்பிள்ளை அய்யா, கொட்டகையில தீ கீ பட்டா மேலுக்கு மறைப்பு இல்ல. ஒரு தோல் சட்டையாவது வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க. பொம்பளைக உள்ள இருக்காக, இன்னொரு வாசலும் திறந்து விடணும்."

நான் உள்ளே போய், "சங்கிலிக்குச் சட்டை வேணுமாம், மொதலாளி" என்றேன்.

முதலாளி துள்ளி எழுந்தார். "சங்கிலிச் சட்டையா! எந்த நாட்டுது? எங்க வருது விலைக்கு?"

தமிழில் ஒரு 'க்கு' எவ்வளவு முக்கியம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அன்று மாலையே மெட்ராஸுக்குத் தந்தி போனது. இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய பிரெஞ்சுச் சட்டை ஒன்று ரயிலில் வந்தது. வாசலைப் பற்றிக் கேட்டதற்கு, "சீசன் முடியட்டும்லே" என்று பதில் வந்தது. ஆயுதங்களுக்குச் சீசன் இல்லாததால் அவற்றுக்குக் காத்திருப்பும் இல்லை.

தீபாவளி ஆர்டர்கள் குவிந்திருந்த சமயத்தில்தான் மாளிகைத் திறப்பு விழாவும் வந்தது. தலைமை தாங்க ஒரு பாக்டரி இன்ஸ்பெக்டரை அழைத்திருந்தோம். காலையில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து கூச்சல் கேட்டது.

புஸ்வாணத் தட்டு ஒன்று உரசிப் பற்றிக்கொண்டது. பெண்கள் வாசலில் முட்டி மோதி வெளியே விழுந்தார்கள். இருளம்மாள் திரும்பிப் பார்த்து, "வள்ளித்தாயக் காணோமே! தட்டு அடுக்கு அவ கால்ல சரிஞ்சு கெடக்கு!" என்று அலறினாள். உள்ளே ராக்கெட்டுகள் ஓலையைக் கிழித்துக்கொண்டு நாலா பக்கமும் பாய்ந்தன. வாளிகளையும் தொட்டியையும் தேடி எல்லோரும் ஓடினோம். அவை மாளிகையில் இருந்தன.

சங்கிலிமுத்து வாளியை எடுக்கவில்லை. நேராக மாளிகைக்குள் போய், ஜவுளிக்கடையிலிருந்து இரவல் வாங்கி நிறுத்தியிருந்த பொம்மையின் மார்புக் கவசத்தைப் பிடுங்கி மாட்டினான். கூஜாவைத் தலையில் கவிழ்த்தான். கையுறைகளுக்குள் கையை விட்டான்.

முதலாளி இரு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றார். "ஏலே! அது ஜெர்மன் சாமான்லே! எண்ணெய் போட்டு வச்சிருக்கு, பாழாப் போயிரும்!"

"தள்ளுங்க மொதலாளி!"

வாழ்நாளில் முதல் முறையாக அவரைத் தள்ளிவிட்டு, இரும்பு கடகடக்க ஓடித் தீக்குள் நுழைந்தான். ராக்கெட்டுகள் இரும்பில் மோதும் சத்தம் 'டங் டங்' என்று வெளியே கேட்டது. வாசல் கூரை சரியும் நேரத்தில் அவன் வந்தான். வள்ளித்தாயை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். அவளுக்குக் காலில் மட்டும் காயம். அவனுக்கு முன்பக்கம் ஒன்றுமில்லை. அந்தக் கவசத்துக்கு முதுகுப் பாகம் கிடையாது. ஐரோப்பிய வீரர்கள் புறமுதுகு காட்டுவதில்லை என்பதால் அது தேவைப்படவில்லை என்று வாத்தியார் விளக்கினார். அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டிப் புகைந்துகொண்டிருந்தது.

வள்ளித்தாயைக் கீழே இறக்கிவிட்டு அவன் குப்புற விழுந்தான். முதலாளி பதறி ஓடினார், மண்டியிட்டார், அவனுக்கு அடியில் கையை விட்டுக் கவசத்தைத் தடவினார்.

"டொக்கு விழுந்திருச்சே" என்றார்.

இருவரையும் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் குழு அவசரமாகக் கூடியது. பிரச்சினை சிக்கலானது. லைசென்ஸ் வரைபடத்தில் ஓலைக் கொட்டகை கிடையாது. இல்லாத கொட்டகையில் தீப்பிடிக்காது. பிடிக்காத தீயில் யாரும் வேக முடியாது. எனவே சங்கிலிமுத்து வீட்டில் அடுப்பு மூட்டும்போது சுட்டுக்கொண்டான். இதுவரை தர்க்கம் சுத்தமாக இருந்தது. கவசத்தின் மேல் இருந்த கரிதான் தர்க்கத்துக்குள் அடங்கவில்லை.

"துடைச்சிருவமா?" என்றேன்.

"புராதனப் பொருளைத் துடைப்பதா!" என்று வாத்தியார் கொதித்தார். கரியை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார். "பதினாறாம் நூற்றாண்டுக் கரி" என்றார். அந்த இடத்திலேயே சான்றிதழ் தயாரானது. கொட்டகை இருந்த இடத்தில் சாம்பலை வாரிவிட்டு ஒரு மாட்டைக் கட்டினோம்.

மதியம் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். மாலை போட்டோம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கவசத்தைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன, சூடா இருக்கு?"

"சிவகாசி வெயில், சார்" என்றார் முதலாளி.

"கந்தக வாசம் அடிக்குதே?"

"போர்க்களம், சார்!" என்றார் வாத்தியார். "எதிரியின் வெடிமருந்துக் கிடங்கில் புகுந்து ஒரு பிரபுவின் மகளை மீட்ட வீரனுடைய கவசம்."

அப்போது காலில் கட்டோடு வள்ளித்தாய் வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து இருளம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பிரபு மகளுமில்ல, ஒண்ணுமில்லய்யா. நான் ஆண்டிச்சாமி மக. இதப் போட்டுக்கிட்டுத்தான் சங்கிலியண்ணன் என்னையத் தூக்கியாந்தாக. இன்னைக்குக் காலம்பற. அங்கன, பின்னால, கொட்டகையில."

மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்தினார். வாத்தியார்தான் சமாளித்தார். "பார்த்தீர்களா சார்? வீரக் கதைகள் பாமர மக்கள் நாவில் எப்படி மறுபிறவி எடுக்கின்றன! இதைத்தான் வாய்மொழி மரபு என்கிறோம்."

இன்ஸ்பெக்டர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். மாடு அவரைப் பார்த்தது. அவர் மாட்டைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவருடைய ஜீப்பில் பெரிய பட்டாசுப் பெட்டி ஒன்று ஏறியிருந்தது. "வாய்மொழி மரபை நாம் பாதுகாக்க வேண்டும்" என்று அருமையாகப் பேசிவிட்டுப் போனார்.

சங்கிலிமுத்து வெகு நாள் குப்புறவே கிடந்தான். எழுந்து நடக்க முடிந்ததும், குழு கூடியிருந்த நேரமாகப் பார்த்து மாளிகைக்கு வந்தான். மேலே துணி படக்கூடாது என்பதால் துண்டை இடுப்பில் கட்டியிருந்தான்.

"மொதலாளி, அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு எழுதிட்டாகளாம். ஊருல கேலி பேசுதாக. பொம்பளை மாதிரி அடுப்படியில என்னலே செஞ்சேங்காக. வேற ஒண்ணும் வேண்டாம். நான் தீக்குள்ள போனது நெசம்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"எதுக்கும் ஆதாரம் வேணும்லே" என்றார் முதலாளி.

அவன் திரும்பி நின்று முதுகைக் காட்டினான்.

நாங்கள் பார்த்தோம். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை நிதானமாக ஆராய்ந்தார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி வந்து, முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இது புராதனம் இல்லை. அண்மைக் காலத்தியது. நம் குழுவின் வரம்புக்குள் வராது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எங்கள் குழுவின் கறாருக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சம்மட்டி, கூனை, கரி என எத்தனையோ எங்கள் முன் வந்தன. எல்லாவற்றையும் அசல் என்று ஏற்றுக்கொண்டோம். வந்தவற்றில் அசல் அந்த முதுகு ஒன்றுதான். அதை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டோம்.