ராஜாத்தி நின்ற பதினோரு வாசல்கள்

கழுதையைப் பற்றிப் படித்திருப்பது வேறு, கழுதையை அறிந்திருப்பது வேறு. இந்த வேறுபாடு முப்பத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது. வேதாகமத்தில் கழுதை வரும் இடங்களையெல்லாம் அதிகாரம், வசன எண்ணோடு சொல்லக்கூடியவளாக இருந்தேன். (யாரும் கேட்டதில்லை. நானாகத்தான் சொல்வேன்.)

சென்னீர்குப்பத்தில் அப்போது எங்கள் சபைக்கு நாற்பது குடும்பங்களும் ஒரு தகரக் கூரையும் இருந்தன. பூந்தமல்லியிலுள்ள தாய்ச் சபையின் கிளை நாங்கள். ஆயர் அங்கே ஆராதனையை முடித்துவிட்டு, மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு எங்களிடம் வருவார். அவர் வந்து சேர்வதற்குள் பாதிக் குழந்தைகள் பசியில் அழத் தொடங்கியிருக்கும். எங்களுக்கென்று ஓர் ஆயர் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில், இயேசு கழுதைமேல் பவனி வந்ததை நினைவுகூரும் குருத்தோலை ஞாயிறன்று நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகப் பேராயர் எழுதினார். கடிதத்தின் அடியில் ஒரு கேள்வியும் இருந்தது: ‘உங்கள் சபையை உங்கள் தெருவுக்குத் தெரியுமா?’

தெரியாது என்பதே உண்மை. அந்த நாற்பது நாள் லெந்து தவக்காலம் முழுவதும், ஆயர் இல்லாத நாட்களில் சபையைக் கவனித்துவந்த எங்கள் உபதேசியார் தானியேல் கதவு கதவாகத் தட்டினார். மருத்துவ முகாம் நடத்தினோம். எங்கள் இரத்த அழுத்தத்தை நாங்களே பார்த்துக்கொண்டோம். மோர்ப் பந்தல் வைத்தோம். மோரையும் நாங்களே குடித்தோம்.

இந்த நிலையில்தான், ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பாளராகிய நான் சபைக் கூட்டத்தில் எழுந்தேன்.

"இந்தத் தடவை பவனிக்கு நிஜக் கழுதையே கொண்டாந்துடலாம். முழுப் பொறுப்பும் என்னுது."

என் கணவர் தலைகுனிந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் பகுதியில் கழுதைப் பால் விற்றுவரும் ஏழுமலையைப் பிடித்தேன். அவரிடம் ராஜாத்தி என்றொரு தாய்க் கழுதையும் அதன் குட்டியும் இருந்தன. வேதத்தில் உள்ளபடியே கழுதையும் குட்டியும்! எனக்குப் புல்லரித்துவிட்டது.

"கடிக்குமா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா நீ! கடிக்கறதுக்கு அது இன்னா நாயா? இந்த ஏரியா மொத்தமும் ராஜாத்திக்கு அத்துப்படி. ஆனா மேல யாரையும் ஏத்தமாட்டேன். பால் குடுக்கற ஜீவன்."

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்பது ஞாயிறு காலை ஆறரை மணிக்குமேல்தான் தெரிந்தது.

ராஜாத்தி முன்னே, குட்டி பக்கத்தில், பின்னால் வெள்ளை உடையில் நாற்பது குடும்பங்கள், கைகளில் தென்னங்குருத்துச் சிலுவைகள். பாடகர் குழு ‘ஓசன்னா’ என்று உச்சத்தைத் தொட்டபோது, முதல் அடுக்குமாடி வாசலில் ராஜாத்தி நின்றது. குட்டி நின்றது. நாற்பது குடும்பங்களும் நின்றன.

"ஏன் நிக்குது?"

"மூணாவது மாடிம்மா. கைக்கொயந்த. முந்தாநேத்து கூட வந்தோமே," என்றார் ஏழுமலை.

மேலே பால்கனிக் கதவு திறந்தது. "அண்ணா, இருங்க! இதோ வந்துட்டேன்!"

ஏழுமலை கழுதையின் பக்கவாட்டில் கட்டியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியைத் தட்டினார். பதிவு செய்யப்பட்ட அவர் குரல் தெருவை நிறைத்தது: "கய்தப் பாலேய்! சளி, இருமல், மூச்சிரைப்பு..." ஒவ்வொரு ஓசன்னாவுக்கும் நடுவே ஒரு சளி இருமல் விழுந்தது. தாளம் பிசகாமல் விழுந்ததுதான் கொடுமை.

"ஏழுமலை, அதை நிறுத்துங்க!"

"நிறுத்துனா பால் வுடாதும்மா. அந்த சவுண்டு கேட்டாதான் அதுக்குப் பயக்கம்."

உபதேசியாரின் முகம் அவர் அங்கியைவிட வெளுத்திருந்தது. "சிஸ்டர், ஏழரைக்குப் பேராயர் வந்துருவாங்க. இது இன்னும் எத்தனை வீட்டுல நிக்கும்?"

ஏழுமலை விரல்விட்டு எண்ணினார். "இந்தத் தெருவுலயா? பதினோரு கொயந்த."

தெருவைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். ஐ.டி. வேலைக்கு வந்த இளம் தம்பதிகள் நிறைந்த தெரு. நாலு பேர் பார்ப்பார்களே என்ற ஆசை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வெள்ளைப் புடவையோடு பின்னாலிருந்து தள்ளினேன். ராஜாத்தி திரும்பி என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த குருத்தோலைச் சிலுவையைத் தின்னத் தொடங்கியது. (நாற்பது நாளும் உபவாசம் இருந்தவள் நான். ராஜாத்திக்கு அப்படி ஒரு பொருத்தனையும் இல்லை.)

ஆறாவது வாசலுக்கு வருவதற்குள், நைட்டிமேல் துப்பட்டாவும் இடுப்பில் குழந்தையும் கையில் டம்ளருமாகத் தாய்மார்கள் பவனியில் கலந்துவிட்டார்கள். தங்கள் முறை தவறிவிடக்கூடாது என்ற கவலை அவர்களுக்கு. அப்போது பின்னால் ஒரு கார் ஒலி எழுப்பியது. மறுபடியும் எழுப்பியது. பிறகு அதன் கதவு திறந்து, அங்கியும் இடைக்கச்சையுமாகப் பேராயரே இறங்கி, இருமிக்கொண்டே முன்னால் வந்தார்.

பாடல் நின்றது. பெட்டி மட்டும் நிற்கவில்லை.

"இன்னா நைனா, இருமல் ஜாஸ்தியா கீதே!" என்றார் ஏழுமலை. "ஒரு பாலாடை ஊத்திக்கோ. கப்புனு நின்னுடும்."

உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்கு வரவிருந்த ஆயர் பூந்தமல்லியை நோக்கித் திரும்பி நடப்பது என் மனக்கண்ணில் தெளிவாகத் தெரிந்தது.

குழந்தைகளுக்குப் புகட்டும் அந்தச் சின்னப் பாலாடையைப் பேராயர் வாங்கிக் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். "இனிக்குதே!" என்றார். பிறகு டம்ளர்களோடு நின்ற கூட்டத்தைக் காட்டி என்னிடம் கேட்டார்: "இவங்கல்லாம் நம்ம சபையாராம்மா?"

பேராயரிடம் பொய் சொல்லலாகாது. "இல்லீங்க ஐயா. கழுதைக்கு வேண்டியவங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பாகி, ஓட்டுநர் ஓடிவந்து முதுகைத் தடவவேண்டியதாயிற்று. பிறகு ஒரு குருத்தோலையை வாங்கிக்கொண்டு ராஜாத்தியோடு நடந்தார். அது நின்ற வாசலிலெல்லாம் அவரும் நின்றார். குழந்தைகளைத் தூக்கினார், பெயர் கேட்டார். ஏழரை மணி ஆராதனை ஒன்பதுக்குத் தொடங்கியது. தகரக் கூரைக்குக் கீழே இடமில்லாமல் சிலர் வெளியே நின்றார்கள், டம்ளரோடு.

அடுத்த மாதமே ஆயரை அனுப்புவதாகப் பேராயரிடமிருந்து கடிதம் வந்தது. ‘எந்த வீட்டில் குழந்தை இருக்கிறது என்பது அந்தக் கழுதைக்குத் தெரிந்திருக்கிறது. ஆயருக்கும் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அதில் எழுதியிருந்தார்.

எனக்கு வாய்த்தது ஒரு பெயர். கடைத்தெருவில் தெரிந்தவர் யாரையாவது கண்டு நான் நின்றுவிட்டாலும், வீட்டில் "முழுப் பொறுப்பும் என்னுது" என்று தொடங்கினாலும், என் கணவர் மென்மையாக, "வா, ராஜாத்தி" என்கிறார். கேட்பவர்கள், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்ன அன்பு என்று நெகிழ்ந்துபோகிறார்கள். நான் திருத்துவதில்லை. என் மகள்தான் பின்னாலிருந்து, மெல்லிய குரலில், தாளம் பிசகாமல் சேர்த்துக்கொள்வாள்: "சளி, இருமல், மூச்சிரைப்பு..."