அண்ணாச்சி கார் ரேடியோவில் ஓர் அணுகுண்டு

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு வயர் உள்ள சாமான் எல்லாம் அத்துப்படி. டார்ச் லைட் எரியவில்லையா, சாரிடம் கொடு. கிணற்று மோட்டார் முனகுகிறதா, சாரைக் கூப்பிடு. இந்த நம்பிக்கையால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. அந்த வாத்தியாரே அதை நம்பத் தொடங்கும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

நான் நம்பினேன். சிவகாசியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவைப் பற்றி ஒரு புத்தகம் கையில் இருந்தது. அதில் பாதிக்குமேல் படித்தவனில்லை. ஆனால் படித்த பாதியை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் தங்கராசு அண்ணாச்சி கார் வாங்கினார். அண்ணாச்சிக்குத் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. மதராசில் இருந்த ஓர் அமெரிக்கக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற கார் அது. ஆகாய நீலம். பின்பக்கம் மீன்வால் மாதிரி இரண்டு செட்டை. ஸ்டியரிங்கோ இடது பக்கம். டிரைவர் அந்தப் பக்கம் உட்கார, அண்ணாச்சி முன்சீட்டில், நம் ஊர் டிரைவர்கள் உட்காருகிற வலது பக்கம், கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். விருதுநகரிலிருந்து முதல் தடவை கார் வந்த அன்று ஆமத்தூரில் ரோட்டோரம் நின்றவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். பின்னே? ஒரு மனுஷன் கையைக் கட்டிக்கொண்டே கார் ஓட்டிப் போனால் கும்பிடாமல் என்ன செய்வது?

காருக்குள்ளே ரேடியோ இருந்தது. (காருக்குள்ளே ரேடியோ! வீட்டில் ரேடியோ வைத்திருப்பவரையே நாங்கள் அண்ணாந்து பார்த்த காலம்.) வரிசையாக ஐந்து பொத்தான்கள், ஒரு பொத்தானுக்கு ஒரு நிலையம். ஐந்து நிலையங்கள் கேட்கிற ஊருக்காகச் செய்தது. எங்கள் ஊருக்கு வந்ததும் ஐந்தையும் அமுக்கினாலும் கரகரப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

இங்கே சலோமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சலோமி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளை நான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள். நினைக்காதவர் அவளுடைய அப்பா ஞானமுத்து. அவர் அண்ணாச்சி கம்பெனியில் போர்மேன். காக்கி டவுசரும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசிலும்தான் அவருக்கு அடையாளம். என் வீட்டிலிருந்து பெண் கேட்டுப் போனவர்களிடம் அவர் சொல்லியனுப்பிய பதில் இது:

“கை துறுதுறுன்னு இருக்கிற ஆளுக்கு மருந்து ரூம்ல வேலையும் கொடுக்கமாட்டேன், எம் மகளையும் கொடுக்கமாட்டேன்.”

மருந்து ரூம் என்பது வெடிமருந்து கலக்குகிற அறை. அங்கே மெதுவான கைக்குத்தான் மரியாதை. ஆத்திர அவசரத்தில் ஒரு டப்பாவைக் கீழே வைத்தால் அத்தோடு சரி. ஆளும் இருக்காது, அறையும் இருக்காது. ஆக அவர் சொன்னது வெறும் கிண்டல் அல்ல. அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது.

இந்த விஷயம் அண்ணாச்சிக்கும் தெரியும். கார்க் கதவைத் திறந்து என்னை உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்:

“சார், இந்த டப்பாவப் பேச வையிங்க. அது பேசிட்டா, ஞானமுத்துகிட்ட நான் பேசுறேன்.”

அண்ணாச்சி பேசினால் ஞானமுத்து தட்டமாட்டார். ஆக என் கல்யாணம் அந்த ஐந்து பொத்தான்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது.

ரேடியோவைக் கழற்றி உள்ளே பார்த்தவன் கொஞ்ச நேரம் எதையும் தொடவே இல்லை. கட்டைவிரல் பருமனில் கண்ணாடிக் குழல்கள். பாட்டரியோடு சேர்த்ததும் ஒவ்வொன்றுக்குள்ளும் செக்கச்செவேல் என்று ஒரு கங்கு மெல்ல விழித்தது. எங்கோ ஒருவர் பேசுவது காற்றில் வந்து, இந்தக் கங்கு வழியாக மறுபடி மனிதக் குரல் ஆகிறது என்பதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கே உறைத்தது. மாதாகோயிலில் நிற்பதுபோல நின்றேன். (பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அங்கேதான் கெட்டது.)

திருச்சி நிலையத்தைப் பிடிப்பது பெரிய வித்தையாக இருக்கவில்லை. ஏரியல் கம்பியின் இணைப்பு அறுந்திருந்தது, பற்றவைத்தேன். பொத்தானை வெளியே இழுத்து, முள்ளைத் திருப்பி நிலையத்தில் நிறுத்தி, மறுபடி உள்ளே தள்ளினால் அந்தப் பொத்தானுக்கு அந்த நிலையம் என்று பதிந்துவிடும். எங்களுக்குத் தெளிவாகக் கிடைத்ததே ஒரு நிலையம். எதையும் வீணாக்கக் கூடாது என்று ஐந்து பொத்தான்களிலும் திருச்சியையே பதித்தேன். அண்ணாச்சி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ஐந்திலும் ஒரே ஆள் நெல் விதைப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அஞ்சு இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் எப்படிப் பேசுகிறார் என்று அண்ணாச்சி அசந்துபோனார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணாச்சிக்குக் கொழும்பு நிலையத்துப் பாட்டு வேண்டியிருந்தது. கொழும்புத் தமிழ்ப் பாட்டு வருவது சிற்றலையில். இந்த ரேடியோவில் சிற்றலையே கிடையாது. அதற்கென்று தனியாக ஒரு சுருள் சுற்றி, ஒரு குழலும் சேர்த்து, சின்னதாக ஒரு மாற்றுக் கருவி செய்து ரேடியோவுக்கு முன்னால் கோக்க வேண்டும். செய்துவிடலாம் அண்ணாச்சி என்றேன், ஏதோ வாராவாரம் செய்கிறவன் மாதிரி.

சுருள் சுற்ற உருளையாக ஏதாவது வேண்டும். கம்பெனியில் காகிதக் குழாய்க்கா பஞ்சம்? அண்ணாச்சியே கை நிறைய அள்ளிக் கொடுத்தார். அணுகுண்டு வெடிக்கு உருட்டிய கெட்டிக் குழாய்கள். அதில் ஒன்றின்மேல் பச்சை நூல் பொதிந்த செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, இரண்டு முனைகளையும் நீளமாக விட்டேன். கருவி டாஷ்போர்டுக்குள் அடங்கவில்லை. அதனால் சுருளை மட்டும் கீழே தொங்கவிட்டு, பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். பிளாஸ்திரி சலோமி கொடுத்தது. கொடுக்கும்போது அவள் சொன்னது: “இது புண்ணுக்குப் போடுறது. யாருக்குப் புண்ணாகப் போகுதோ தெரியல.”

பட்டாசு பார்த்த எவருக்கும் இந்நேரம் விளங்கியிருக்கும். அணுகுண்டு வெடி என்பது என்ன? கெட்டிக் காகிதக் குழாய், அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய நூல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பச்சைத் திரி. நான் செய்து தொங்கவிட்டதும் அச்சு அசல் அதுவேதான். எனக்கு மட்டும் அது சுருளாகத் தெரிந்தது.

தீபாவளி சீசன். லோடு போய்க்கொண்டிருந்த நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலையாட்கள் எல்லோரும் கொழும்புப் பாட்டுக் கேட்கட்டும் என்று அண்ணாச்சி காரைக் கம்பெனிக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார். வாசலைத் தாண்டி எந்த வண்டியும் போகக் கூடாது. தீப்பெட்டி, பீடி, செருப்பு எல்லாம் வாசலோடு சரி. கார் வாசல் வேம்படியில் நின்றது. உள்ளே கரிசல் பொட்டலில் ஒன்றுக்கொன்று எட்டத்தில் சின்னச் சின்ன அறைகள். இடிச் சத்தம் கேட்டாலோ, எங்காவது பொறி தெரிந்தாலோ ஞானமுத்து விசில் ஊதுவார். ஊதினால் ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. கையில் இருப்பதை அப்படியே மெதுவாக வைத்துவிட்டு வெளிப்பொட்டலுக்கு ஓடிவிட வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

அன்றைக்கு இடியும் இல்லை, மழையும் இல்லை. தலைக்குமேல் வெயில் காய்ந்தது. மேற்கே மலைப் பக்கம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

அண்ணாச்சி தும்பைப்பூ வேட்டியில், கையைக் கட்டிக்கொண்டு, தம் இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டியரிங் பக்கம். ஞானமுத்து வந்து அண்ணாச்சி பக்கத்துக் கதவோரம் நின்றார். நான் இன்ஜினை நிறுத்திவிட்டு, சத்தத்தை முழுசாகத் திறந்து வைத்து, ரேடியோவைப் போட்டேன். (சோதித்துப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். கடைசி இணைப்பை அன்று காலையில்தான் பற்றவைத்திருந்தேன்.)

கங்குகள் விழித்தன. பாட்டு வரவில்லை. சட் என்றது. பிறகு சடசட என்றது. பிறகு யாரோ தகரத்தைக் கிழிப்பதுபோல டாஷ்போர்டு முழுக்கச் சடசடத்தது. என்ன சத்தம் என்று ஞானமுத்து குனிந்து பார்த்தார். அண்ணாச்சியின் முழங்காலுக்கு மேலே, பச்சைத் திரியோடு ஓர் அணுகுண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஞானமுத்து நிமிர்ந்தார். ஒரு கையால் விசிலை வாயில் வைத்தார், மறு கையால் அண்ணாச்சியை வெளியே இழுத்தார். அண்ணாச்சி வந்துவிட்டார். வேட்டி கதவில் மாட்டிக்கொண்டது. விசில் சத்தத்தில் எல்லா அறைகளிலிருந்தும் பெண்களும் ஆண்களுமாக வெளிப்பொட்டலைப் பார்த்து ஓடினார்கள். பட்டாபட்டி டவுசரோடு அண்ணாச்சி அவர்களை எல்லாம் முந்திக்கொண்டு ஓடினார். நான் மட்டும் காருக்குள்ளே, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியோடு ஓடிய ஞானமுத்து திரும்பி வந்தார். வெடிக்கப் போகிறது என்று அவர் நம்பிய காருக்கு அருகில், எனக்காகத் திரும்பி வந்தார்.

“ஏலே, வெளிய வாலே!”

எப்போதும் என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறவர். சட்டைக் காலரைப் பிடித்துக் கன்றுக்குட்டியை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போய் ஓர் உடைமரத்து முள்ளில் தள்ளி, என்மேலேயே விழுந்தார். பிளாஸ்திரி யாருக்கு என்பது அப்போது தெரிந்தது.

கார் வெடிக்கவில்லை. வேம்படியில் தன்பாட்டுக்குச் சடசடத்துக்கொண்டு நின்றது. மெல்ல எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. நான் முள்ளில் கிடந்தபடியே விளக்கினேன். அது வெடி இல்லை, சுருள். அது திரி இல்லை, கம்பி. இந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று மட்டும் எனக்கே தெரியவில்லை. ஞானமுத்து எழுந்து மண்ணைத் தட்டினார்.

“எல்லாரும் குழாய்க்குள்ள மருந்து வைப்பாக. சார் பாட்டு வச்சிருக்காரு,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. கல்யாணம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். சீசன் நேரத்தில் வேலை கெட்டதே என்று ஞானமுத்து ஆட்களை உள்ளே அனுப்பக் கையைத் தூக்கினார்.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. வானம் வெள்ளையாகக் கிழிந்தது. அன்றைக்கு நாங்கள் கேட்ட முதல் இடியும் அதுதான், கண்ட முதல் மின்னலும் அதுதான். மருந்து ரூமை ஒட்டி நின்ற ஒற்றைப் பனைமரம் உச்சியிலிருந்து அடி வரைக்கும் தீவட்டியாகப் பற்றியது. அடுத்த மூச்சில் மருந்து ரூம் போயிற்று. கூரை தட்டாமாலை சுற்றிக்கொண்டு மேலே போனதைப் பார்த்தேன். தரை என் நெஞ்சுக்குக் கீழே ஒரு தடவை எழுந்து அடங்கியது. கரும்புகை மேலே போய்க் குடையாக விரிந்து நின்றது. அந்த அறையில் வேலை பார்க்கிற பேச்சியம்மாள் எனக்கு நாலெட்டில் நின்றுகொண்டு, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் குறையவில்லை. அண்ணாச்சி டவுசரோடு நிற்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரேடியோவில் கேட்டது மின்னல். மேற்கே மலைமேல் வெட்டிக்கொண்டே வந்த மின்னல்கள், இடிச் சத்தம் எங்கள் காதுக்கு எட்டும் முன்பே அந்தக் கண்ணாடிக் குழல்களை எட்டியிருந்தன. வானம் அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டேதான் இருந்தது. நான் அதைக் கோளாறு என்று நினைத்துத் திருகிக்கொண்டிருந்தேன். மின்னலைப் பற்றி ஒன்பதாம் வகுப்புக்கு அந்த வாரம்தான் பாடம் நடத்தியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்கே மலையைப் பார்த்தேன். எனக்கு வந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரியது.

மறுநாள் கார் பானெட்டில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. ஏரியல் கம்பியில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். சார் வானத்தைக் கேட்டுச் சொன்னாராம் என்று திருத்தங்கல் வரைக்கும் பேச்சு. மறுக்க மறுக்க என் மதிப்புக் கூடிக்கொண்டே போயிற்று.

ஞானமுத்து மட்டும் வீடு தேடி வந்தார். உட்காரவில்லை.

“சார், நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. தெரிஞ்சு செஞ்சீகளா, தெரியாமச் செஞ்சீகளா?”

“தெரியாமத்தான்,” என்றேன். “எனக்கு ஒண்ணுமே தெரியல.”

அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். அது அப்போதும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டுதான் இருந்தது.

“கை துறுதுறுன்னுதான் இருக்கு. வாய் நேரா இருக்கு. தெரிஞ்சு செஞ்சேன்னு சொல்லியிருந்தீகன்னா பொண்ணு கிடையாது.”

அண்ணாச்சி பேச வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த ரேடியோவில் கொழும்பு கடைசி வரைக்கும் வரவில்லை. சரிசெய்ய அண்ணாச்சி யாரையும் விடவும் இல்லை. மழைக்காலம் முழுக்கக் கார் கம்பெனி வாசலில் நிற்கும். ஞானமுத்து முன்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கரகரப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணாச்சி பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்.

கல்யாணத்துக்கு மாமனார் எனக்குச் செய்த சீரில் ஒரு விசிலும் இருந்தது. இன்றைக்கும் அது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்குகிறது. மிக்ஸியோ மின்விசிறியோ நின்று, நான் ஸ்க்ரூடிரைவரைத் தேட ஆரம்பித்தால் போதும், சலோமி விசிலை எடுத்து ஊதிவிடுவாள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கையில் இருப்பதை அப்படியே மெதுவாக வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் வரிசையாக நின்றுவிடுவார்கள். சிரிக்கக்கூட மாட்டார்கள், அவ்வளவு பழக்கம். நானும் ஸ்க்ரூடிரைவரோடு பின்னாலேயே போய் நிற்பேன். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று ஒரு தடவை தலைகளைப் பார்ப்பேன். பிறகு, யாரும் கவனிக்காதபோது, மேற்கே பார்ப்பேன்.