ஒரு டின் ஜாதிக்காயும் நொக் அடித்த எஞ்சினும்

காரைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்களால் எந்த எஞ்சினுக்கும் கெடுதல் வந்ததில்லை. எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஒரு காரைக் கொன்றேன். எங்கள் குடும்பத்துக் கல்யாண வீடுகளில் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கதை கட்டாயம் வரும். ஆனால் அதில் ஒரு துண்டை மட்டும் நான் வெகுகாலம் யாருக்கும் சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசி. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் கணவர் சவரி டீ மேக்கர். ஃபெக்டரியில் இலை வாடுவதும் அரைபடுவதும் அவர் பொறுப்பு. ஆகவே அவர் வீட்டில் இருந்த நேரத்தை விட அங்கே இருந்த நேரம்தான் அதிகம். எங்கள் குவாட்டர்ஸுக்குக் கீழே தொழிலாளர்களின் லயங்கள், மேலே துரை பங்களா, நடுவில் நானும் ஏழு மாதக் குழந்தை அருளும். நான் லயத்துப் பக்கம் இறங்கினால் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் எழுந்து நின்று, "வாங்கம்மா" என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். என்னைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள், அவர்களைப் பார்த்து நான் சிரிப்பேன், பிறகு வீட்டுக்கு ஏறி வருவேன். பங்களாவுக்கு நாங்கள் கிறிஸ்மஸுக்கு மட்டும் போகலாம் (பின்வாசல் வழியாக).

ஆகவே நான் குழந்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு வேலை இல்லை என்று அர்த்தமில்லை. எந்த வேலை செய்தாலும் ஒரு காது தொட்டிலில்தான் இருந்தது. சத்தம் வந்தால் ஏன் வருகிறது என்று பயம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பயம். ஒரு தடவை அவன் மூக்குக்கு நேரே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். அவன் விழித்துக்கொண்டு கண்ணாடியில் தன்னைக் கண்டு அழுதான்.

அந்த வருடம் சவரி ஒரு பழைய இங்கிலீஷ் கார் வாங்கினார். எனக்கு முன்பே பிறந்த கார். அதற்கு இருந்த பெரிய வியாதி நொக். மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல டக் டக் என்று கேட்கும். தீப்பொறி வந்த பிறகு ஒழுங்காக எரிய வேண்டிய பெற்றோல், சூடு தாங்காமல் தானாகவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிப்பதுதான் அது என்று அவர் விளக்கினார். அப்படியே மிதித்துக்கொண்டு போனால் பிஸ்டன் உடையும். சத்தம் கேட்ட உடனே காலை எடுக்க வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும், அதற்கும் கேட்காவிட்டால் பொனட்டைத் திறந்து தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்திப் போட வேண்டும்.

கஷ்டம் என்னவென்றால், அதை அவரால் கேட்க முடியாது. பதினொரு வருடம் இலை அரைக்கும் ரோலர்களின் நடுவே நின்ற காதுகள் அவை. கோயில் மணி கேட்கும், சன்னமான சத்தம் கேட்காது.

"பிள்ளை ரெண்டு ரூமுக்கு அங்கிட்டு இருமினா ஒனக்குக் கேக்குது. இது கேக்காதா? நீ கேட்டுச் சொல்லு, நான் ஓட்டுறேன்" என்றார்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் பிலோமினாவின் கடிதம் வந்தது. ஹட்டனில் போர்டிங்கில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவள். பண்டாரவளைப் பக்கம் கல்யாணம் கட்டிப் போயிருந்தாள். மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். நான் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்தத் தாள்களோடுதான். அவள் மாமனார் குடும்பம் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்த குடும்பம். இப்போது பாஸ்போட் வந்துவிட்டது. புதன்கிழமை கோச்சியில் தலைமன்னாருக்குப் போகிறார்கள், அங்கிருந்து கப்பல். "பதினொன்றே காலுக்கு நானுஓயாவில் நிற்கும். வா. உன் மகனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று எழுதியிருந்தாள். தோட்டங்களில் அந்த ரயிலை அழுகைக் கோச்சி என்பார்கள். ஏறியவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

என்ன கொடுத்து அனுப்புவது என்று மூன்று நாள் யோசித்தேன். அவளுடைய கைக்குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப் போக்கு என்று எழுதியிருந்தாள். கம்பளையில் சித்தி வீட்டு மரத்து ஜாதிக்காய் என்னிடம் இருந்தது. ஓட்டோடு ஒரு பால்மா டின்னில் போட்டு மூடினேன். (இந்தியாவில் ஜாதிக்காய் கிடைக்காது என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாக முடிவு செய்தேன்.) டின்னை என் சீட்டுக்கு அடியில் வைத்தேன். பிள்ளைக்கு நாப்கின் பன்னிரண்டு, இரண்டு போத்தல், குடை, மாற்றுச் சேலை எல்லாம் ஏற்றி, அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை இறங்கிப் போய்ப் பார்த்து, எட்டரைக்குப் புறப்பட்டோம்.

நுவரெலியாவுக்கு ஏறும் முதல் மேட்டிலேயே கேட்டது. டக், டக், டகடக.

"நொக் அடிக்குதுங்க."

அவர் காலை எடுத்தார். கார் ஊர்ந்தது. அடுத்த மேட்டிலும் அதே சத்தம். கியரைக் குறைத்தார். சத்தம் நிற்கவில்லை. நிறுத்தினார், பொனட்டைத் திறந்தார், தீப்பொறியைப் பிந்திப் போட்டார். ஏறினோம். சமதரையில் சத்தமில்லை, மேடு வந்தால் மட்டும் வந்தது. நொக் என்பது அப்படித்தான் வரும் என்று அவரே சொல்லியிருந்தார். ஆகவே என் மனதில் சந்தேகமே இல்லை. (என் வாழ்க்கையில் நான் சந்தேகமே படாத நாள் அது ஒன்றுதான்.)

"நல்லாக் கேட்டியா?"

"நல்லாவே கேக்குதுங்க. இப்ப இன்னும் கூட."

மறுபடி நிறுத்தினார். மூன்றாவது தடவை தீப்பொறியை எவ்வளவு பிந்திப் போட்டார் என்றால், பெற்றோல் எரிந்ததற்கும் கார் நகர்ந்ததற்கும் தொடர்பே இல்லாமல் போனது. கொழுந்து மூட்டையோடு ஒரு வயதான அம்மா எங்களை நடந்து முந்தினாள். திரும்பிப் பார்த்து, "தள்ளி விடவா தம்பி?" என்று கேட்டாள். சற்று நேரத்தில் ரேடியேட்டர் கொதித்தது. ஓடையில் தண்ணீர் பிடிக்க என்னிடம் இருந்தது பிள்ளையின் போத்தல்தான். ஒன்பது தடவை போய் வந்தேன்.

நானுஓயாவுக்குள் நாங்கள் இறங்கியபோது மேடையில் ஆட்கள் இல்லை. கோச்சி போய்ப் பத்து நிமிஷமாகிறது என்றார் போர்ட்டர். மேடையில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு கிடந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போர்ட்டரிடம் கொடுத்தாவது டின்னை அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கலாமென்று காருக்குப் போய், சீட்டுக்கு அடியில் கையை விட்டு இழுத்தேன்.

டக், டக், டகடக.

சவரிக்கும் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் அவர் காதுக்கே கேட்டது. டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேடு ஏறும்போது அது பின்னால் சரிந்து சீட்டின் இரும்புச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு, எஞ்சினோடு சேர்ந்து அதிர்ந்திருக்கிறது. சமதரையில் நாப்கின் பைக்கு நகர்ந்து சும்மா இருந்திருக்கிறது. திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். அவர் பொனட்டைத் திறந்து, பிந்திப் போட்டதையெல்லாம் அவசரமாக முன்னே தள்ளினார்.

"ஏறு. கோச்சி சுத்திச் சுத்தித்தான் எறங்கும். தலவாக்கலைல பிடிப்போம்."

இறக்கம் முழுக்கப் பறந்தோம். தலவாக்கலை ஸ்டேஷனுக்குள் கார் திரும்பவும் ரயிலின் கடைசிப் பெட்டி வெளியேறவும் சரியாக இருந்தது. சவரி நிறுத்தக்கூட இல்லை. கொட்டகலைப் பக்கம் ஏறும் பாதையில் திருப்பினார்.

அந்த மேட்டில் மறுபடியும் கேட்டது.

டின் என் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தேன். ஒரு காய்கூட அசையவில்லை. ஆனாலும் கேட்டது. காலையில் கேட்டதை விடக் கூர்மையாக, எஞ்சினுக்குள்ளிருந்து. அவசரத்தில் தீப்பொறியை அளவுக்கு மேல் முன்னே தள்ளியிருக்கிறார். சொன்னால் காலை எடுப்பார். காலை எடுத்தால் பிலோ போய்விடுவாள்.

நான் சொல்லவில்லை.

தண்டவாளம் பாதையோடு ஒட்டி வரும் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் படீரென்று ஒரு சத்தம், நீலப் புகை, பிறகு அமைதி. நான் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தண்டவாளக் கரைக்கு ஏறி ஓடினேன். ரயில் மெதுவாக வந்தது. ஒவ்வொரு ஜன்னலிலும் நாலைந்து முகங்கள், எல்லாம் அழுது வீங்கியவை. எது அவள் முகம் என்று தெரியவில்லை. டின்னைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். "பிலோ, பிலோ" என்று கத்தினேன். ஜன்னல்களிலிருந்து எல்லாரும் கை காட்டினார்கள். நானும் எல்லாருக்கும் கை காட்டினேன். கிலுகிலுப்பை ஆட்டுகிறேன் என்று நினைத்து அருள் சிரித்தான்.

தலவாக்கலையில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானா, எஞ்சினைக் கழற்றி ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஒடையிறதுக்கு முந்தி நல்லாக் கத்தியிருக்குமே. யாருக்கும் கேக்கல்லியா?" என்றார். சவரி தன் காதைத் தொட்டுக் காட்டினார். நான் பிள்ளைக்கு நாப்கின் மாற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து திருச்சிப் பக்கத்திலிருந்து பிலோவின் கடிதம் வந்தது. நானுஓயாவில் கண் பூத்துப்போகப் பார்த்தாளாம், நான் வரவில்லையாம். பிறகு எழுதியிருந்தாள்: "தலவாக்கலைக்கு அங்கிட்டு ஒரு பைத்தியக்காரப் பொம்பளை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டின்னை ஆட்டி ஆட்டி அழுதாள். பாவமாக இருந்தது. உனக்குக் காட்ட வைத்திருந்த கையை அவளுக்குக் காட்டினேன்."

அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். அது நான்தான் என்று பதில் எழுத ஒரு வாரம் பிடித்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது சத்தம் போட்டாலும், தையல் மெஷினானாலும் மேசை மின்விசிறியானாலும், "ஜாதிக்காயா பாருங்க" என்பார்கள்.

போன வருடம் அருள் ஒரு ஜப்பான் கார் வாங்கினான். மேட்டில் இழுவை இல்லை, முன்னால் ஒரு மஞ்சள் லைட் எரிகிறது. ஹட்டனில் ஒரு பொடியனிடம் காட்டினோம். எஞ்சினில் திருகி வைத்திருந்த, விரல் தடிமனான ஒரு சாமானைக் காட்டினான். நொக் சென்சராம். எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்குமாம், கேட்டால் தீப்பொறியைத் தானாகவே பிந்திப் போட்டுவிடுமாம். அதை இறுக்க வேண்டிய அளவுக்குத்தான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு விதமாகக் கெடும் என்றான். இல்லாத சத்தத்தைக் கேட்டால் கார் இழுக்காது. இருக்கிற சத்தத்தைக் கேட்காவிட்டால் பிஸ்டன் போகும்.

"மொத ரகம் எங்கம்மா" என்றான் அருள்.

என் வாயிலிருந்து தானாகவே வந்துவிட்டது. "ரெண்டாவதும் நான்தான்ப்பா. அன்னைக்கு கொட்டகலை மேட்டுல எனக்குக் கேட்டிச்சு. நான் சொல்லல."

சவரிக்கு இப்போது கோயில் மணியும் கேட்பதில்லை. அருள் அவர் காதோரம் குனிந்து சத்தமாகச் சொன்னான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் தெரியும்" என்றார். "கால்ல அதிர்ந்துச்சு. நீ ஒண்ணும் சொல்லல. சரி, போகட்டும்னு மிதிச்சேன்."