பொட்டு வைத்த மீன்தொட்டி

புதிதாகப் பட்டம் வாங்கியவர்கள் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. எண்பதுகளின் கடைசியில், விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு வந்த என்னிடம் கொடுத்தார்கள்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் ஃபோர்மேன். ஆயுத பூஜையன்று தொழிலாளர் குடும்பங்களையெல்லாம் உள்ளே விடுவார்கள். அந்த வருஷம் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியில் செம்பரம்பாக்கம் ஏரியையே கொண்டுவந்து வைக்கிறேன் என்று சவால் விட்டிருந்தேன். கெண்டை, கெளுத்தி, நத்தை, பாசி, அடியில் ஏரி மணல். ஏரி எப்படி உயிரோடு இருக்கிறது, குப்பை போட்டால் எப்படிச் சாகும் என்று வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். கம்பெனிப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை பார்க்க வருவதாக இருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் எனக்கு அறிவியல் டீச்சர் வேலை. (பிடிக்காமல் போகும் என்று தோன்றவே இல்லை. அப்போது எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இரண்டோ மூன்றோதான்.)

பூஜையன்று காலையில் ஃபிட்டர் முனுசாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"லேத்துக்கே பொட்டு வெச்சிகினு வர்றேன் பாப்பா. இது மட்டும் மொட்டையா நின்னுகினு கீது, நல்லாவா கீது?"

கண்ணாடிக்கு வெளியேதானே, வைக்கட்டும் என்றேன். பொட்டு வைத்து, மாலை போட்டு, சூடமும் காட்டிவிட்டுப் போனார். அங்கேதான் கோட்டை விட்டேன். பொட்டும் மாலையுமாக, உள்ளே மீனோடு தண்ணீர் இருந்தால் நம் ஜனங்களுக்கு அது கோயில் குளம். கோயில் குளத்து மீனுக்கு என்ன போடுவோம்? எல்லார் கையிலும் பூஜைப் பொரி வேறு.

முதல் பிடி விழுந்ததும் மைக்கைப் பிடித்தேன்.

"ஏரி மீன்கள் பொரி சாப்பிடாது! தயவுசெய்து போடாதீர்கள்!"

ஒரு கெண்டை மேலே வந்து லபக்கென்று விழுங்கியது.

"இன்னாம்மா, துண்ணுதே!" என்றார் முன்னால் நின்ற ஒரு அம்மா.

அப்புறம் யார் கேட்பார்கள்? பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், முனுசாமியின் பங்காக ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர். நான் மாசுபாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. தலைமையாசிரியை வந்தபோது தொட்டிக்குள் மீன் எதுவும் தெரியவில்லை. மஞ்சளாக ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"குப்பை போட்டா ஏரி இப்படித்தான் ஆகும், மேடம்."

அவர் கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தார். "மோர்க்குழம்பு மாதிரி இருக்கும்மா. முதல்ல மீனை வெளிய எடுங்க."

முனுசாமி இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். "கோச்சிக்காத நைனா," என்று மீனிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல. வாயைப் பிளந்துகொண்டிருந்த மீன்களை ஒரு அண்டா நல்ல தண்ணீரில் போட்டு, கம்பெனி வேனில் அம்பத்தூர் ஏரிக்குக் கொண்டு ஓடினோம். அண்டாவின் ஒரு காதை நானும் மறு காதைத் தலைமையாசிரியையும் பிடித்துக்கொண்டோம். அவருடைய பட்டுப்புடவை தொப்பலாக நனைந்தது. மீன்கள் பிழைத்து நீந்திப் போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

வேலை கிடைத்தது. மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு. "உயிருள்ளது எதுவும் இப்போதைக்கு உங்களுக்கு வேணாம்மா," என்றார்.

இன்றும் எங்கள் வீட்டில் மோர்க்குழம்பு வைத்தால் யாரும் உடனே தொடமாட்டார்கள். என் கணவர் கரண்டியை விட்டு ஒரு துழாவு துழாவி, "ஒண்ணும் நீந்தலை, ஊத்திக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் பந்தி ஆரம்பிக்கும்.