பதினோராவது சமரசக் கூட்டம்

அடுக்களைக்குள் டம்ளர்களை 'டங் டங்' என்று வைக்கும் சத்தம் கேட்டது. வாய் திறந்து சொல்லாததையெல்லாம் சிவபாக்கியம் டம்ளர் வழியாகச் சொல்லிவிடுவாள். முன்கூடத்தில் அவள் கணவர் சேனாதிபதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு, "கோர்ட்டுப் படி ஏறினா குடும்பம் என்னாகும், யோசிங்க" என்று பதினோராவது தடவையாகத் தழுதழுத்துக்கொண்டிருந்தார்.

வாசகர்களே, இவர்தான் சமரசப் பிரியர். ஊருக்கு ஒருவர் உண்டு, கோடைக்கானலுக்கு இவர். சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலித் தகராறிலிருந்து, பேரிக்காய் மரம் யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது வரைக்கும் எதையும் கோர்ட்டுக்குப் போகவிட மாட்டார். நல்லதுதான். ஆனால் முடியவும் விட மாட்டாரே, அதற்கென்ன செய்வது?

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஏழு ரோட்டுச் சந்திப்புத் தையல்காரர் அருளப்பனும், அவர் மனைவியின் தம்பி உபகாரமும். கூட்டாக நடத்திய கடையைச் சித்திரையில் பிரித்தார்கள். மெஷின் ஆளுக்கொன்று, கத்திரி ஆளுக்கொன்று, எல்லாம் பிரிந்தது. மிஷன் பள்ளிப் பிள்ளைகள் முந்நூறு பேரின் அளவு எழுதிய நோட்டு மட்டும் பிரியவில்லை. அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் யூனிபாரம் தைக்கும் வேலை. "பொதுவில் இருக்கட்டும்" என்று சேனாதிபதி அதைத் தம் பீரோவில் வைத்துப் பூட்டினார். இப்போது ஐப்பசி. சனிக்கிழமை பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறார்கள். அதற்குள் முடிவு சொல்லாவிட்டால் வேலை வத்தலக்குண்டுத் தையல்காரருக்கு என்று பள்ளியை நடத்தும் மதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த வேலையை நம்பித்தான் எரிகிறது.

சமரசப் பிரியரின் முறை எளிது. முதலில் இருவர் கையையும் பிடித்துக்கொள்வார். பிறகு தம் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பிறகு, ஆறிப்போன சண்டையை அடியிலிருந்து ஆரம்பிப்பார், யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பது உட்பட. கேட்டால் யாருக்குத்தான் ரோசம் வராது?

"உபகாரம், அன்னிக்கு உங்க மச்சான் உன்னைச் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்கத் தெரியாதவன்னு சொன்னாரே, மறந்துட்டியா?"

"மறந்துதான் கெடந்தேங்க" என்றான் உபகாரம்.

அருளப்பன் மெல்ல இருமினார். "ஏன் மாப்ளே, அந்த நோட்டுல இருக்கது போன வருசத்து அளவுதான? பிள்ளைக வளந்திருக்கும்ல?"

"ஒவ்வொண்ணும் ரெண்டு இஞ்சு வளந்து நிக்கும் மச்சான்."

"அப்பப் புதுசா எடுத்திருவோம். முந்நூறு பிள்ளை, ஒத்தையாளா ஆகாது. நான் டேப்பைப் பிடிச்சுச் சொல்றேன், நீ எழுது. பையங்க துணி உனக்கு, பொம்பளப் பிள்ளைக துணி எனக்கு."

"நாளைக்கு வெள்ளனே போயிருவோம்."

சேனாதிபதியின் நெஞ்சில் இடி இறங்கியது. ஆறு மாதமாகக் கண்ணீர் விட்டு வளர்த்த வழக்கு, கண்ணெதிரே இரண்டே நிமிஷத்தில் உயிரை விட்டுவிட்டது. "அவசரப்படாதீங்க. டேப்பு யாருது? எழுதப்போற நோட்டு யாரு பேருல இருக்கும்? அதைப் பேசித் தீக்காமப் போனா..."

"சோலி கெடக்குங்க" என்று அருளப்பன் எழுந்து கும்பிட்டார்.

"அப்ப இந்த நோட்டு?"

"உங்ககிட்டயே இருக்கட்டுங்க."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பேசாமலிருந்த உங்கள் அண்ணனும் சித்தப்பாவும் ராசியாகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, 'என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே' என்று உங்கள் மனம் ஒரு விநாடி சுணங்கவில்லை? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

தூறலில் ஒரே குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு மச்சானும் மாப்பிள்ளையும் இறக்கத்தில் போனார்கள். வழியில் ஏதாவது ஒரு பேச்சுத் தடிக்காதா, திரும்பி வரமாட்டார்களா என்று சேனாதிபதி வாசலிலேயே நின்றார். பனியில் குடை மறைகிற வரைக்கும் சண்டை வரவில்லை. கதவைச் சாத்தினார்.